கேன் தண்ணியும் என் வலது கண்ணும்

இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்த அத்தனை கூத்துக்கும் ஆரம்பம், கண்ணாடி போட மாட்டேன் என்று நான் பிடித்த அடம்தான்.

என் பெயர் எஸ்தர். பிறந்தது படாளம், வாழ்க்கைப்பட்டது அணுபுரத்துக்குப் பக்கத்து ஊர். என் வீட்டுக்காரர் மோசஸ் அணுபுரத்தில், அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். நான் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டுகிறேன். ஆமாம், பஸ்தான். ஆயா வேலையா என்று கேட்காதீர்கள், அது வேறு ஒருவர் பார்க்கிறார். ஹெவி லைசன்ஸ், நாற்பது சீட்டு, திருக்கழுக்குன்றத்தில் எடுத்தால் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் என் கைதான். சின்ன வயதில் கரும்பு டிராக்டரில் பழகிய கை.

எனக்குக் கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்து. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்ணாடியோடு ஏறி உட்கார்ந்தேன். ஒரு அப்பா பிள்ளையை ஏற்றிவிட வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இன்னாபா இது, பொம்பள டிரைவரு, அதுவும் சோடாபுட்டி. நம்ம பசங்கள நம்பி அனுப்பலாமா?"

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்த மாதச் சம்பளத்திலேயே கான்டாக்ட் லென்ஸ் வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெண் ஒரு தாள் கொடுத்தாள். எழுத்து எறும்பு சைஸ். "லென்ஸ்ல பைப்புத் தண்ணி படவே கூடாதுக்கா" என்று வாயாலும் சொன்னாள். அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நாள் கூட பைப்புத் தண்ணி காட்டியதில்லை. எங்கள் ஊர் பைப்புத் தண்ணி உப்பு வேறு, வாயிலேயே வைக்க முடியாது. அதில் போய்க் கண்ணில் வைப்பதைக் கழுவுவேனா?

வீட்டில் குடிப்பதற்கு வாரம் மூன்று கேன் தண்ணி வரும். இருபது லிட்டர் கேன், மேலே சீல், கீழே குழாய் வைத்த ஸ்டாண்டு. இந்தப் பக்கத்தில் கேன் தண்ணி என்றால் அதற்கு ஒரு மரியாதை. கைக்குழந்தைக்குப் பால் கலக்க கேன் தண்ணி, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்க கேன் தண்ணி. குடிக்கிற தண்ணியை விடச் சுத்தம் உலகத்தில் எது? அதனால் காலையில் லென்ஸை எடுத்துக் கண்ணில் போட்டதும், லென்ஸ் வைக்கும் அந்தக் குட்டி டப்பியைக் கேன் குழாயில் நன்றாக அலசி, உதறி, மூடிவிட்டு ஓடுவேன். ராத்திரி அதில் சொல்யூஷன் ஊற்றி லென்ஸைப் போடுவேன். எப்போதாவது அவசரத்தில் அலசாமல் ஓடியிருந்தால் பழைய சொல்யூஷனே கொஞ்சம் கிடக்கும். இட்லி மாவில் மாவு சேர்க்கிற மாதிரி அதன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்பிக்கொள்வேன். பாட்டில் விலை அப்படி.

இரண்டு வருடம் இப்படி ராஜாத்தி மாதிரி ஓட்டினேன்.

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், வலது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். கடற்கரை ரோட்டில் காற்றடித்தால் மணல் விழத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கண் சிவந்தது. மெடிக்கல் கடையில் காட்டினேன். "மெட்ராஸ் ஐக்கா, சீசன் இது" என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்டதும் சிவப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் வலி கூடியது. வலி என்றால் சும்மா இல்லை. கண்ணுக்குள் ஆணி வைத்துத் திருகுகிற மாதிரி. ஜன்னலைத் திறந்தால் கத்துவேன். ட்யூப்லைட் போட்டால் மோசஸை அடிக்கப் போவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா தாய்ப்பால் விடச் சொன்னாள். நல்லவேளை, அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

அந்த நிலையிலும் லென்ஸைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினேன். என் மேல் எனக்கே இன்னும் கோபம் தீராத விஷயம் இதுதான். லீவு போட்டால் "பாத்தியா, பொம்பளன்னாலே இப்படித்தான்" என்பார்கள் என்ற ரோஷம். எட்டாவது நாள், பள்ளிக்கூடத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் இருக்கும் வேகத்தடை எனக்குத் தெரியவில்லை. வெயில் பட்டு ரோடு முழுக்க வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்து ஒரே அழுத்தாகப் பிரேக்கை அழுத்தினேன். பஸ் தூக்கிப் போட்டது. எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காரும் தர்ஷினி, இரண்டாம் வகுப்புக் குழந்தை, கம்பியில் மோதி உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

அவள் அழவில்லை. "ஆன்ட்டி, நீங்க தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தி, சாவியை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டேன். "கண்ணு சரியாற வரைக்கும் நான் தொட மாட்டேன் சார்" என்றேன். அவர் நல்ல மனிதர். தற்காலிகமாக ஒருவரைப் போடுவதாகவும், ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கிற வரைக்கும் என் இடத்தை வைத்திருப்பதாகவும் சொன்னார். "அதுக்கு மேல என் கையில இல்லம்மா" என்றார். ஜனவரியா, நான் அடுத்த வாரமே வந்துடுவேன் சார் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு கிளினிக்கில் வைரஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் அதைத் தின்றேன். கண்ணின் கறுப்புக்கு மேல் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. வலது கண்ணால் பார்த்தால் மோசஸ் முகம் இல்லை, சட்டை நிறம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் செங்கல்பட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கூடவே என் மாமியார், ரூத் அத்தை. நாற்று நட்டு, நூறு நாள் வேலை பார்த்து மோசஸை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவர். வாய் அதிகம். என் வாயும் குறைச்சல் இல்லை. எங்கள் வீட்டில் டி.வி. தேவைப்பட்டதே இல்லை என்று மோசஸ் சொல்வார்.

கண் ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால் ஒரு தனி உலகம். கண்ணின் பாப்பாவை விரிக்க மருந்து விட்டு எல்லோரையும் கண்ணை மூடி உட்கார வைத்திருப்பார்கள். பார்த்தால் ஜெபக்கூட்டம் மாதிரி இருக்கும். நான் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை என் முகத்துக்கு முன்னால் அவர் முந்தானையைத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றார். உட்காருங்கள் அத்தை என்றால், "நீ கம்முனு இரு, லைட்டு அடிக்குது பாரு" என்றார்.

டாக்டர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். கார்னியா பார்க்கிற டாக்டர். கார்னியா என்றால் கண்ணின் கறுப்புக்கு மேல், கடிகாரத்துக்குக் கண்ணாடி போட்ட மாதிரி மூடியிருக்கும் தெளிவான படலம். என் கண்ணில் அதுதான் புண்ணாகியிருந்தது. மிஷினில் முகவாயை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "கான்டாக்ட் லென்ஸ் போடுவீங்களா? தண்ணி பட்டதா?"

"பைப்புத் தண்ணி பட்டதே இல்ல டாக்டர். நான் அதுல ரொம்ப சுத்தம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார், ஆனால் நம்பின முகம் இல்லை. லென்ஸ், டப்பி, சொல்யூஷன் பாட்டில் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்படியே, கழுவாமல் கொண்டுவரச் சொன்னார். அன்றே என்னைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணின் மேல் சின்னக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டுகிற சத்தம் வலிப்பதை விடக் கொடுமை. அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். டப்பியில் இருந்த தண்ணியையும் ஒரு தட்டில் ஊற்றி, ஏதாவது வளர்கிறதா என்று காத்திருப்பார்கள்.

சாயங்காலமே டாக்டர் வந்தார். "அகாந்தமீபா" என்றார். நாங்கள் மூவரும் முழித்தோம்.

"அமீபா தெரியுமில்லையா, ஒரே செல் உள்ள உயிர். மண்ணுல இருக்கும், எல்லாத் தண்ணியிலயும் இருக்கும். குடிச்சா ஒண்ணும் செய்யாது. லென்ஸ் மேல ஒட்டி கண்ணுக்குள்ள போனா கார்னியாவைத் தின்னும். மருந்து விட்டா நத்தை மாதிரி ஓட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும். மருந்தை நிறுத்தினா வெளிய வரும். அதனால மாசக்கணக்கா விடணும்."

"பார்வை வந்துடுமா டாக்டர்?" என்று கேட்டது மோசஸ்.

"லேட்டாத்தான் வந்திருக்கீங்க. மருந்துக்கு அடங்கலாம். அடங்கலைன்னா தானமா வர்ற கண்ணுல இருந்து கார்னியா எடுத்து மாத்தணும். இப்போ என்னால உறுதியா சொல்ல முடியாது."

எனக்குள் ஒரே ஒரு கேள்விதான்: மறுபடி பஸ் ஓட்ட முடியுமா? ஒரு கண்ணில் பார்வை போனால் பள்ளிக்கூட பஸ் ஓட்ட லைசன்ஸ் கிடையாது. நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் டாக்டர் பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

மறுநாள் காலையில் அத்தை கட்டில் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "நான்தான்டா பாவி. ஸ்கூலு தொறக்கறதுக்கு முன்ன ஒரு நாளு பெருக்கும்போது இவ டப்பிய தட்டி வுட்டுட்டேன். உள்ள இருந்த மருந்து எல்லாம் கொட்டிப் பூட்ச்சி. காஞ்சிப் போயிடுமேன்னு கேன் தண்ணிய புட்ச்சி ஊத்தி மூடி வச்சேன். சொன்னா கத்துவாளேன்னு சொல்லல."

மோசஸ் குதித்தார். "உன்ன யாருமா தொடச் சொன்னது? கண்ணு பூட்ச்சின்னா நீ குடுப்பியா?"

"குட்த்துடறேன்டா. என் கண்ண நோண்டி எடுத்துக்கச் சொல்லு."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கேன் தண்ணி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் ஒரு நாள் ஊற்றினார். நான் இரண்டு வருடம் தினமும் அலசினேன். ஆனால் அதைச் சொன்னால், எல்லாவற்றிலும் சுத்தம் என்று பீற்றிக்கொண்ட நான்தான் என் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று ஆகிவிடும். இரண்டு நாள் நான் பேசாமல் படுத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் மணிக்கு ஒரு தரம் என் கண்ணில் இரண்டு மருந்து விட்டது அத்தைதான். ராத்திரியும் உண்டு. பாட்டில் இரண்டும் ஒரே மாதிரி, எழுத்து ஆங்கிலம். ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார், ஒன்றைச் சும்மா விட்டார். சிவப்பு விட்டால் ஐந்து நிமிஷம் கழித்துதான் மற்றது. ஒரு தரம் கூடத் தப்பவில்லை. நர்ஸே அசந்துபோனாள். மருந்து எரியும், நான் கத்துவேன், கையைத் தட்டிவிடுவேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி இமையைப் பிரிப்பார். வாயாடிப் பொம்பளை வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் டாக்டர், டப்பித் தண்ணியிலும் அதே அமீபா வளர்ந்திருக்கிறது என்றார். அத்தை முகத்தை மூடிக்கொண்டார்.

"டாக்டர்" என்றேன். "டப்பிய தினமும் கேன் தண்ணியிலதான் கழுவுவேன். ரெண்டு வருஷமா. நான்தான். இவங்க இல்ல."

மோசஸ் என்னைப் பார்த்தார். அத்தை கையை எடுத்தார்.

டாக்டர் மட்டும் தலையாட்டினார். "நெனச்சேன். ஃபில்டர் பண்ணின தண்ணி குடிக்கத்தான் சுத்தம், கண்ணுக்கு இல்ல. கேன் குழாயோட உள்பக்கம் எப்படி வழவழன்னு இருக்கும், தொட்டுப் பாத்திருக்கீங்களா? எந்தத் தண்ணியும் லென்ஸுக்கு ஆகாது. எதனால வந்ததுன்னு கேட்டா, ஒரு நாள் ஊத்தினதை விட தினமும் கழுவினதைத்தான் நான் சொல்லுவேன்."

டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் அழுதுகொண்டே, "மன்னிச்சிடுங்க அத்தை, ரெண்டு நாளா தெரிஞ்சும் சொல்லல" என்றேன். அவர் எழுந்து வந்தார். அறையப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அடிப்பாவி" என்றார். "ரெண்டு நாளா எனக்கு நாஸ்தா எறங்கல தெரியுமா? இவன் வேற மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறான். டேய் மோசஸு, போய் நாலு இட்லி வாங்கியா. வடையும் சேத்து வாங்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "அழுவாத. அழுதா மருந்து பூடும். கண்ணத் தொற, சிவப்பு ரப்பரு டைமாச்சு" என்றார்.

அந்த இட்லியை மூன்று பேரும் சேர்ந்து தின்றோம். அதற்குப் பிறகு எனக்குப் பயம் பாதியாகிவிட்டது.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மோசஸ் பில்லை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எவ்வளவு என்று இன்றுவரை சொன்னதில்லை. வீட்டில் ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டினார். ஃப்ரிட்ஜில் மீன் குழம்புக்கு மேல் தட்டு முழுக்க என் மருந்துக்கென்று அத்தை ஒதுக்கிவிட்டார். "அந்தத் தட்டுல எவனாவது கை வெச்சீங்க, கையி இருக்காது" என்று வீட்டுக்கே அறிவிப்பு.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். மாதத்துக்கு இரண்டு தரம் செங்கல்பட்டு. முதலில் வலி போனது. பிறகு கண் வெளிச்சத்தைப் பொறுத்தது. வெள்ளை வட்டம் சுருங்கிச் சுருங்கி ஓரத்தில் ஒரு புள்ளியாக நின்றது. அக்டோபரில் ஒரு தரம் மறுபடி சிவந்து, நான் உடைந்தே போனேன். "ஓட்ட வுட்டு வெளிய எட்டிப் பாக்குது, அடி வாங்கிகினு மறுபடி உள்ள பூடும்" என்றார் அத்தை. டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், கொஞ்சம் நாகரிகமாக. மருந்தைக் கூட்டினார்கள். அடங்கியது.

டிசம்பர் கடைசியில் கண்ணாடி மாட்டி போர்டு படிக்கச் சொன்னார்கள். இடது கண்ணை மூடினேன். மேலே இருந்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். கடைசிக்கு முந்தின வரியையும் தப்பில்லாமல் படித்தேன். படித்து முடித்ததும் பின்னால் ஒரு கைத்தட்டல். அத்தைக்கு ஒரு எழுத்தும் தெரியாது, நான் நிற்காமல் படித்ததை வைத்தே தட்டிவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். "ஓரத்துல சின்னத் தழும்பு இருக்கும், பார்வைக்கு நடுவுல இல்ல. ஓட்டலாம். லென்ஸ்?"

"ஜென்மத்துக்கும் வேணாம் டாக்டர்."

"பயப்படாதீங்க, ஒழுங்கா வெச்சுக்கிட்டா லட்சம் பேர் போடறாங்க" என்றார். உண்மைதான். அதனால் லென்ஸ் போடுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், என்னை மாதிரி எறும்பெழுத்துத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். கழற்றினதும் உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் விட்டு விரலால் தேய்த்து அலசுங்கள். டப்பியில் இருப்பதைத் தினமும் கொட்டிவிட்டு, புதுசு ஊற்றுங்கள். மாவு சேர்க்கிற வேலை வேண்டாம். டப்பியையும் சொல்யூஷனிலேயே கழுவி, சுத்தமான டிஷ்யூவில் துடைத்துக் கவிழ்த்துக் காயவிடுங்கள். மூன்று மாதத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். குளிக்கும்போதும் கடலில் இறங்கும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது, தூங்கும்போதும் கூடாது. பைப்போ, போரோ, காய்ச்சினதோ, என் கேனோ, தண்ணி என்று பெயர் வைத்த எதுவும் கிட்டே வரக் கூடாது. கண் சிவந்து வலித்தால் மெடிக்கல் கடைக்குப் போகாதீர்கள். லென்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, மேனேஜர் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். ஜூனில் நான் வைத்த அதே இடம். திருக்கழுக்குன்றத்தில் முதல் ஸ்டாப்பிங்கில், முதல் நாள் என்னைச் சோடாபுட்டி என்ற அந்த அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார்.

"இன்னா டிரைவரம்மா, மறுபடியும் கண்ணாடியா?"

"ஆமாண்ணா. சோடாபுட்டியேதான்" என்றேன். "ஒங்க சட்டையில ரெண்டாவது பட்டன் மாறிப் போட்டுகினு கீறீங்க, அது கூடத் தெரியுது. பையன ஏத்துங்க, டைமாவுது."

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. தர்ஷினி ஏறி, எனக்குப் பின்னால் அதே சீட்டில் உட்கார்ந்தாள். உதட்டில் தழும்பு தெரிகிறதா என்று தலைக்கு மேலே பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். இல்லை. முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

கடற்கரை ரோடு, வெயில், காற்று. பள்ளிக்கூடத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் அந்த வேகத்தடை வந்தது. தூரத்திலேயே தெரிந்தது. மேலே அடித்த மஞ்சள் கோடு தெரிந்தது, பெயின்ட் உரிந்த இடம் கூடத் தெரிந்தது. மெதுவாகக் கியரைக் குறைத்தேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. தர்ஷினி முறுக்கைக் கடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.